கொக்கி மட்டும்தான் பாக்கி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். யார் எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்ற உன் ஆய்வுக்காக நீ அனுப்பிய கேள்வித்தாள்களை, நம் தையல் கடைக்கு வந்தவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். என்ன சொல்வீர்கள் என்று எழுத நீ விட்டிருந்த கோட்டைப் பாதிப் பேர் காலியாகவே விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் பரீட்சைக்கு எழுதுவது போல "மன்னிக்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட நேரில் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

இந்த முறையை பிளம்-குல்கா, ஓல்ஷ்டைன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 1984-ல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்ததாகச் சொன்னாய். ஆங்கிலத்தில் மூன்று விதம், பிரெஞ்சு, டேனிஷ், ஜெர்மன், ஹீப்ரு, ரஷ்யன் என்று எட்டு வகைப் பேச்சை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை. நேரடியாக மன்னிப்புக் கேட்பது, காரணம் சொல்வது, தப்பை ஒப்புக்கொள்வது, ஈடு செய்து தருவதாகச் சொல்வது, இனிமேல் நடக்காது என்பது, அவர்கள் சொல்லும் இந்த ஐந்து வழிகளும் சரிதான். தீபாவளிக்கு முந்தின வாரம் திருமங்கலத்தில் எந்தத் தையல் கடையில் நின்றாலும் ஐந்தையும் கேட்கலாம். ஆனால் ஐந்துக்கும் ஒரே மதிப்புப் போடாதே.

எங்கள் தொழிலில் காரணம்தான் முதலில் வரும். "கரண்ட் இல்லக்கா", "சட்டை காஜாவுக்குப் போயிருக்கு", "கொக்கி மட்டும்தான் பாக்கி, சாயங்காலம் வாங்க." இன்னும் வெட்டாத துணிக்கும் கொக்கிதான் பாக்கி! சொல்கிறவனும் நம்புவதில்லை, கேட்கிற அக்காவும் நம்புவதில்லை. இதை மன்னிப்பில் சேர்க்க எனக்கு மனசில்லை. அதே ஆள், "இன்னும் வெட்டலக்கா, தப்புத்தான், நாளைக்குக் காலையில வீட்டுல கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லட்டும். அந்த அக்கா நன்றாக வைவார். தையல்காரன் குறுக்கே பேசாமல் நிற்க வேண்டும். வைது முடித்ததும் உட்கார்ந்து அடுத்த துணிக்கு அளவு கொடுப்பார். எதிராளியை வைய விடுவதும் ஒரு வழி பாப்பா. உன் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

பஸ்ஸில் பை மேலே விழுந்தால் என்ன சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி. மதுரை பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில் கால் பட்டுவிட்டால், சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அதைக் கோட்டில் எப்படி எழுதுவது?

பெரியவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். உன் அப்பத்தா மருமகளைக் கடுத்துப் பேசிவிட்டால் மறுநாள், "வந்து ரெண்டு வாய் சாப்பிடுத்தா" என்று கூப்பிடுவார்களே, அவ்வளவுதான் அவர்கள் கேட்கும் மன்னிப்பு. பங்காளிச் சண்டையென்றால் முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தூது போவார். அப்புறம் ஒரு காதுகுத்து வரும். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வீடு தேடிப் போய் வைப்பார்கள். பழசை யாரும் எடுக்க மாட்டார்கள். "வந்துட்டேல்ல, விடு" என்பதோடு முடிந்தது. தங்கச்சி கல்யாணம் தனக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று ஆற்றோடு கோபித்துத் திரும்பிய அழகரை வருஷா வருஷம் கொண்டாடுகிற சீமை இது. யார் அழைத்தார், யார் காத்திருந்தார் என்பது இங்கே சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. கோட்டுக்குக் கீழே எதிராளியின் பதிலை நீயே அச்சடித்திருக்கிறாய்: "சரி, அடுத்த வாரம் மறந்துவிடாதீர்கள்." இவ்வளவு சாந்தமாக நம் கடையில் யார் பேசுகிறார்கள்? அதையும் காலியாக விட்டு அவர்களையே சொல்லச் சொல். மன்னித்தாரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

தாள்களைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். காலிக் கோடுகளுக்குப் பக்கத்தில், அந்த ஆள் அப்படியொரு நேரத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்ததைப் பென்சிலில் குறித்திருக்கிறேன். அது உன் ஆய்வுக்குச் செல்லுமா என்று உன் புரபசரிடம் கேட்டுக்கொள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே வந்து கடையில் உட்கார். கேள்வி எதுவும் கேட்காமல் பட்டன் வைத்துக்கொண்டே காதைக் கொடு.

அன்புடன்,
அப்பா