அடிலெய்டில் படிக்கும் மகளுக்கு, நம் மலைத் திராட்சை பற்றி

தவுங்ஜி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பர்மாவில் ஒயின் திராட்சை விளையுமா என்று உன் வகுப்பில் கேட்டார்கள் என்றாயே, அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. போனில் பாதி வார்த்தை அறுந்து போகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

இந்த ஷான் மலையில் கால் நூற்றாண்டுக்கு முன்னே போல, தவுங்ஜிக்குக் கீழே அயித்தாயாவில், ஒரு ஜெர்மானியர் தோட்டம் தொடங்கினார். பிறகு இன்லே ஏரியைப் பார்த்த மலைச்சரிவிலும் இன்னொரு தோட்டம் வந்தது. தவுங்ஜி ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரி போல வெப்பம் குறையும், புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்று உனக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். பகல் வெயிலில் தோல் தடித்து நிறம் ஏறுகிறது, இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு கரையாமல் நிற்கிறது. ஷிராஸ் என்கிற கருந்திராட்சைக்கு வேறென்ன வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்லலாம். ஆனால் உயரத்தை மட்டும் நம்பி இங்கே யாரும் ஒயின் எடுத்துவிட முடியாது. நம் மலையில் எல்லாம் கவாத்து நாளில், கொடியை வெட்டிவிடும் நாளில் இருக்கிறது அம்மாடி.

அங்கே குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். நீங்கள் ஒரு தடவை வெட்டினால் போதும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது, விட்டால் வருஷம் முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு கவாத்து. அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் ஒட்ட வெட்டுகிறோம். புதுக்கிளை வந்து, மே மாதத்தில் மழை இறுகுவதற்குள் நல்ல வெயில் பட்டால்தான் மொட்டுக்குள்ளே குலைக்கான கரு பிடிக்கும். அப்புறம் அக்டோபரில் பழக் கவாத்து. அதில் வருகிற துளிரில்தான் பூவும் காயும். மழை ஓய்ந்த பனிக்காலம் முழுவதும் பழுத்து, பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பு. நீ அங்கே கோடைக் கடைசியில் பறிப்பாய், நான் இங்கே பனிக்காலக் கடைசியில் பறிப்பேன், மாதம் என்னவோ ஒன்றுதான்!

இந்த அக்டோபர் வெட்டுதான் எனக்கு வருஷத்திலேயே பெரிய கவலை. மழை விட்டுவிட்டது என்று நம்பி முந்தி வெட்டினால், துளிர் இளசாக இருக்கும்போது வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பும். இங்கே மூன்று நாள் தூறல் போட்டால் போதும், இலைக்கு அடியில் வெள்ளை பூத்து அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தோடு கருக்கிவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து எவ்வளவு அடித்தாலும் போனது போனதுதான். சரி, பயந்து நவம்பர் கடைசிவரை தள்ளினால் பழம் ஏப்ரல் வெயிலில் மாட்டும். சர்க்கரை எகிறும், புளிப்பு இறங்கிவிடும், ஒயின் சப்பென்று இருக்கும். அக்டோபர் வாக்கில் வரும் விளக்குத் திருவிழாவான தடின்ஜுட் பௌர்ணமி கழியட்டும் என்பது இங்குள்ள பாஓ மக்களின் கணக்கு. என் கணக்கு, தோட்டத்தைப் பிரித்துப் பிரித்து வெட்டுவது. மேட்டுப் பாத்தி முதலில், தண்ணீர் தேங்கும் பள்ளத்துப் பாத்தி தீபாவளி ஒட்டி. எது மாட்டினாலும் பாதி பிழைக்கும்.

வெட்டின பிறகு கொடியின் மொட்டுக் கண்ணெல்லாம் ஒன்றாக முளைக்காது, குளிர் போதாது. அதற்கு மொட்டை எழுப்பும் மருந்தான ஹைட்ரஜன் சயனமைடு தொட்டுத் தொட்டுக் கணுவில் பூசுகிறோம். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் நான் வரிசைக்குள் விடுவதில்லை. பூசினவர் அன்றைக்கும் அடுத்த சில நாளும் மதுவைத் தொடவே கூடாது. தொட்டால் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து ஆளைச் சாய்த்துவிடும். ஒயின் தோட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

ஆலைக்குள் நடப்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கருந்திராட்சையைப் பிழிந்தாலும் சாறு வெளுப்பாகத்தான் வரும், சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால்தான் தோலோடு நொதிக்க விடுகிறோம். இரண்டாம் நாள் தோலெல்லாம் மேலே ஏறி, கை வைத்தால் கதகதவென்று ஒரு அடை கட்டி நிற்கும். அதைக் காலை, மதியம், இரவு என்று அமுக்கிவிட வேண்டும். விட்டால் மேல்தோல் காய்ந்து காடி வாடை ஏறிவிடும். எனக்கு அந்த ராத்திரி முறைதான் ரொம்பப் பிடிக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு விடும். அது காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயும் தரையிலும் தேங்கி நிற்கும். பறிப்பு வேலைக்கு எங்கே போனாலும் காலியான தொட்டிக்குள்கூடத் தலையை விடாதே. கழுவ இறங்கு என்றால், காற்றை அளந்து காட்டுங்கள், வெளியே ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று கேள். புதுப்பிள்ளை கேட்கலாமா என்று கூச்சப்படாதே. உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவரும் விழுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க நடக்கிறது. அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

எனக்கும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மேட்டுப் பாத்தி ஷிராஸில் சர்க்கரை அளவு பிரிக்ஸ் 23 வந்துவிடுகிறது, கடித்துப் பார்த்தால் விதை இன்னும் பச்சையாகத் துவர்க்கிறது. காத்திருந்தால் சாராயம் கூடிப்போகிறது, பறித்தால் துவர்ப்பு நிற்கிறது. உன் ஊருக்குப் பக்கத்து ஒயின் பள்ளத்தாக்கான பரோசா பக்கம் இதற்கு என்ன செய்கிறார்கள், இலையை எந்தப் பக்கம் எவ்வளவு கிள்ளுகிறார்கள் என்று விசாரித்து, இந்த அக்டோபருக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா