ஹெல்மெட் என்ன ஓடு என்று எழுதி விற்றுவிடுங்கள்

கொழும்பில் ஹெல்மெட் இறக்குமதி செய்கிற, விற்கிற முதலாளிமாருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு டெலிவரி வேலை. காலையிலிருந்து இரவு வரை காலி வீதி, பொரளை, மருதானை என்று ஓட்டம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் "பைபர்தான் தம்பி, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்த ஹெல்மெட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வீதி வேலை நடந்த இடத்தில் தெறித்த தாரை ஒரு நாள் பெற்றோல் துணியால் துடைத்திருக்கிறான், தாரைப் போக்க வீட்டில் வேறென்ன செய்வோம்? கொஞ்ச நாளில் ஹெல்மெட்டின் வெளி ஓடு முழுக்க மயிரிழை போல வெடிப்புகள். உள் மெத்தையைக் கழற்றிய பிறகுதான் ஓரத்தில் 'பிசி' என்ற பொடி எழுத்து தெரிந்தது. பொலிகார்பனேட். பெற்றோல், தின்னர், சில ஸ்டிக்கர்களின் பசை பட்டாலே பலம் குறையக்கூடிய பிளாஸ்டிக். அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளை மழையிலும் ஓடியிருக்கிறான்.

பிளாஸ்டிக் ஓடு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக், பொலிகார்பனேட், கடைக்காரர் பைபர் என்கிற பைபர் கிளாஸ், எதிலும் நல்ல ஹெல்மெட் செய்யலாம். பைபர் கிளாஸ் அடிபட்டால் அடுக்கடுக்காக உடைந்து அடியை வாங்கும், பொலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், உள்ளே இருக்கிற ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை, நசுங்கி மிச்சத்தைத் தாங்கும். ஆனால் பராமரிப்பு ஒன்றுக்கொன்று வேறு. ஹெல்மெட்டுக்கான இலங்கைத் தர முத்திரை எஸ்எல்எஸ் 517 இருக்கிறதே என்பீர்கள், அது கட்டாயம் வேண்டும்தான், ஆனால் முத்திரையைப் பார்த்து எதனால் துடைக்கலாம் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கேட்கிறேன், ஓடு என்ன பொருள் என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

இன்னும் சில கடைகளில் கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கரைக் காட்டி காபன் பைபர் என்கிறார்கள். நடைபாதையில் நாள் முழுக்க வெயிலில் தொங்குகிற ஹெல்மெட்டையே புதிது என்று எடுத்துக் கொடுக்கிறார்கள், வெயில் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று விற்கிறவருக்குத் தெரியாதா? நாங்கள் கொடுப்பது உழைத்த காசு. எங்களிடம் ஏன் இப்படி?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். சம்பளம் வரும்வரை தம்பி என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போகிறான், நான் பஸ்ஸில் போகிறேன். மாதக் கடைசியில் உங்கள் கடைகளுக்குத்தான் வருவோம். "இது என்ன ஓடு?" என்று கேட்பேன். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், அதையே எழுதியும் ஒட்டுங்கள்.