‘அவளுக்கே பண்ணிடுங்க’

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் பிரசவ வார்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிக் கேட்பார்கள். ‘அவளுக்கே பண்ணிடுங்க’ என்பார் கணவர். பல நேரம் மாமியார் முந்திக்கொள்வார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான்.

பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் படாமல் கருக்குழாயைக் கட்ட வேண்டும். ஆணின் விந்துக்குழாயோ விதைப்பைத் தோலுக்கு அடியிலேயே விரலில் தட்டுப்படும். மரத்துப்போக ஓர் ஊசி, கூர்முனை இடுக்கியால் சிறு துளை. குழாயை வெளியே எடுத்து, துண்டு வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விடுவார்கள். இரு பக்கமும் சேர்த்து இருபது நிமிடம். தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஆண்மை போய்விடும் என்ற பயம்தான் தடை. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்திச் செய்த கொடுமை அதை இன்னும் வளர்த்துவிட்டது. ஆனால் ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாய் வழியே போவதே இல்லை. விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விறைப்பு, ஆசை, உடல் வலு எதற்கும் குறைவில்லை. விந்தில் விந்தணுவின் பங்கு மிகச் சிறியது என்பதால் அளவு குறைந்ததுகூடத் தெரியாது.

தவறு நடப்பது பெரும்பாலும் பிறகுதான். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே வந்துவிட்ட விந்தணுக்கள் உடனே தீராது. மூன்று மாதம் ஆணுறை கட்டாயம்; அதன்பின் விந்துப் பரிசோதனையில் ‘விந்தணு இல்லை’ என்று வந்தால்தான் ஆபரேஷன் பலித்ததாக அர்த்தம். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால், மனைவி கர்ப்பமாகும்போது பழி அவள் நடத்தைமேல் விழுகிறது. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது? இரண்டு நாள் ஓய்வும் இறுக்கமான உள்ளாடையும் வேண்டும். ஒரு வாரம் மூட்டை தூக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. மீறினால் ரத்தம் கட்டி வீங்கும். அதைப் பார்த்துத்தான் தெருவே பயப்படுகிறது.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவாரம் நடத்துகிறார்கள். சுவரொட்டி மட்டும் போதாது. பிரசவ வலிக்கு நடுவே கேட்டால் பழைய பதில்தான் வரும். ஏழாம் மாதப் பரிசோதனைக்கு மனைவியை அழைத்து வந்து வராந்தாவில் நிற்கும் கணவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஓர் ஆண் பணியாளர் படம் காட்டிப் பத்து நிமிடம் பேசட்டும். சுகாதாரத் துறை இதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்பநல ஆலோசகர் ஒருவர்,
விழுப்புரம்