பாட்டு இரட்டையாகக் கேட்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இதழில் ஒரு வாசகர், தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதியிருந்தார். பாட்டு இரட்டையாகக் கேட்கிறதாம். மைக் செட்காரர்கள் ஓட்டை ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து ஏமாற்றுகிறார்களாம். இருட்டியதும் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறார்களாம். அங்கே செட் போட்டவன் நான் இல்லை. ஆனால் 31 வருஷமாக எனக்கும் இதே தொழில். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் இரட்டைச் சத்தம். கோயில் வாசலில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறோம், 175 மீட்டர் தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் இன்னொன்று. ஒயரில் மின்சாரம் அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் இரண்டு குழாயும் ஒரே நேரத்தில்தான் பாடுகின்றன. ஆனால் கோயில் குழாயின் சத்தம் காற்று வழியாக நடந்து வர வேண்டும். நம் ஊர் வெக்கையில் அது நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் இருக்கும் குழாய் உடனே கேட்கும், கோயில் குழாய் அரை நொடி கழித்துக் கேட்கும். புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் இப்படித்தான். வாணம் விடும்போது வெளிச்சம் முதலிலும் வெடிச்சத்தம் பிறகும் வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது.

இப்போது பாட்டையும் பேச்சையும் கலந்து குழாய்களுக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்சரில் டிலே, அதாவது தாமதம், வைக்கலாம். மீட்டருக்கு 3 மில்லி செகண்ட் என்று கணக்குப் போட்டுத் தூரத்துக் குழாயைத் தாமதப்படுத்தினால், கோயிலிலிருந்து வரும் சத்தமும் அதுவும் சேர்ந்துகொள்ளும். கமிட்டிக்காரர்கள் அதற்குக் கூடுதல் வாடகை தர மாட்டார்கள், அது வேறு விஷயம். தலைவர் வீடு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே குழாய் கட்டாமலும் தப்பிக்க முடியாது.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகள் ஒன்று சொன்னாள். 1820-களின் தொடக்கத்தில், சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்பவர், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளை நுங்கம்பாக்கத்திலிருந்து கவனித்திருக்கிறார். நெருப்பு தெரிந்ததிலிருந்து சத்தம் காதில் விழும் வரை எத்தனை நொடி என்று எண்ணி, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டு, 1823-இல் வெளியிட்டிருக்கிறார். மார்கழிக் குளிரில் வேகம் குறைவு, வெயில் மாதங்களில் கூடுதல் என்றும் கண்டிருக்கிறார். காற்று சூடானால் சத்தத்துக்கு வேகம் கூடும் என்பது இதில் முக்கியம். ராத்திரி விவகாரமே அதில்தான் இருக்கிறது.

பகலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. அதனால் ஒலி அலையின் அடிப்பக்கம் வேகமாகவும் மேற்பக்கம் மெதுவாகவும் போகிறது. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? சேற்றுப் பக்கம்தானே. அப்படியே அலையும் மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. தூரத்து ஊர்க்காரர் தலைக்கு மேலே போய்விடுகிறது. தார் ரோட்டில் கானல் நீர் தெரிவதும் இதே மாதிரி வெளிச்சம் மேல்நோக்கி வளைவதால்தான்.

மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரியில் எல்லாம் தலைகீழ். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே சூடு மிஞ்சும். மேலே ஏறப்போன சத்தமும் வளைந்து தரைக்கே இறங்குகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருப்பவருக்குப் பாட்டு வரி வரியாகக் கேட்கும். ஊர் அடங்கிக் கிடப்பதும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் செட்டை அணைக்க வேண்டும் என்ற விதியிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நான் அணைத்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நான்தான் செட். அந்த வாசகர் வரட்டும். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் நின்று கேட்கட்டும். சத்தம் வைக்கும் குமிழில் அவரையே சாக்பீஸ் கோடு போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
சிவகங்கை மாவட்டம்.