ஒரே சீட்டில் இரண்டு மருந்து

பாளையங்கோட்டை

அன்புள்ள சிவசுப்பு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமா? மருந்தால் கால் போனதற்குக் கேஸ் போட்டால் நிற்குமா என்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். மருமகள் பக்கத்தில் இருந்தாள். கேஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கால் இப்போது தேவலை. கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. வாசற்படி இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். மாசியில் சளி கட்டி இழுப்பு வந்ததே, அப்போது நம்ம டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தந்தார். நான்காம் நாள் காலை மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு எட்டு வைத்தேன். குதிகாலுக்கு மேலே யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி 'டப்'பென்று ஒரு அடி. கோபமாகத் திரும்பினால் பூக்காரம்மா மட்டும் தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த எட்டுக்குக் கால் வரவில்லை. குதிகால் நரம்பு, அதாவது தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண், அறுந்துவிட்டது.

ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரின் முதல் கேள்வியே, "சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்களா?" என்பதுதான். பையில் மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினேன். முதல் வரியில் லீவோஃப்ளாக்சசின் 500, அதுதான் ஆன்டிபயாட்டிக். மூன்றாவது வரியில் பிரட்னிசோலோன், ஸ்டீராய்டு. மேலே என் வயது 66. பேனா முனையால் அந்த மூன்று இடத்தையும் தொட்டார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு பேத்தியை உட்கார வைத்து எல்லாம் படித்தேன். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், இது எல்லாம் ஒரே குடும்பம். நரம்பு அறுந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு, அதாவது அவர்களுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையாக, சொல்லியிருக்கிறது. 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதலாம். நான் இரண்டிலும் சேர்த்தி. 2016-ல் இன்னொன்றும் சொன்னார்கள்: சைனஸ், மார்ச்சளி, சாதாரண நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்காதீர்கள் என்று. நிமோனியா போன்ற பெரிய வியாதிக்கு உயிர் காக்கிற மருந்துதான், அதை நான் மறுக்கவில்லை.

"மருந்துக்கு எதிரா கேஸ் எப்படிடா நிக்கும்?" என்று கேட்டாய். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் நின்றிருக்கிறது. 82 வயதுக்காரர் ஒருவர், என்னைப் போலவே இதே மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிட்டு, இரண்டு காலிலும் நரம்பு போனவர். டாக்டர்களுக்குப் போதுமான எச்சரிக்கை தரவில்லை என்று மருந்துக் கம்பெனி மேல் வழக்கு. 2010 டிசம்பரில் ஜூரி கொடுத்தது சுமார் 18 லட்சம் டாலர். மேல்கோர்ட்டு 2012-ல் அபராதப் பங்கை அடித்துவிட்டு 7 லட்சத்தை மட்டும் நிறுத்தியது. அதுவும் சின்னத் தொகையா!

இங்கே நிலைமை வேறு. நீ வேலை பார்த்தது சிவில் கோர்ட்டுப் பக்கம், இது நுகர்வோர் ஆணையத்துப் பக்கம். காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியமும் சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் சட்டத்தில் எச்சரிக்கை இல்லாமல் பொருள் விற்ற கம்பெனியையும் இழுக்க வழி உண்டு. வைத்தியத்துக்குக் கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நான் கொடுத்தது 300 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பக்கவிளைவு வந்துவிட்டதென்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். நியாயமான ஒரு டாக்டர் கவனித்திருக்க வேண்டியதை இவர் கவனிக்கவில்லை என்று நான் காட்ட வேண்டும். அங்கேதான் அந்தச் சீட்டு பேசும். இரண்டு டாக்டர் தனித்தனியாக எழுதியிருந்தால்கூட ஒருவருக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். இதில் இரண்டும் ஒரே கையெழுத்து.

மாத்திரை அட்டைதான் என்னிடம் இல்லை. மெடிக்கலில் கத்தரியால் ஐந்தை வெட்டித் தந்தார்கள். பேட்ச் நம்பர் இருந்த ஓரம் அவர்களிடமே நின்றுவிட்டது. தலை போயிற்று என்றிருந்தேன். அப்புறம் தெரிந்தது, இந்த மருந்து ஹெச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத கண்டிப்பான மருந்துப் பட்டியலில் வருகிறது, 2014-லிருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எழுதினார்களா என்பது அந்தப் பையனுக்கே வெளிச்சம்.

ஒரு வேலையை மட்டும் முடித்துவிட்டேன். மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்று இலவச எண் இருக்கிறது, நோயாளியே கூப்பிடலாம். தமிழிலேயே படிவமும் உண்டு. இதனால் எனக்குப் பைசா வராது, கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவே.

உனக்கும் ஒரு சேதி. நீ சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறாய். அது லீவோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம் என்று 2018-ல் எச்சரிக்கை வந்திருக்கிறது. அடுத்த முறை காய்ச்சலுக்குப் போகும்போது உன் மாத்திரைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு. தங்கச்சியிடமும் சொல்லி வை.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கேட்டிருக்கணும் சார்" என்றார். உன் அக்கா நிமோனியாவில் கிடந்த இரவு இரண்டு மணிக்கு லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்தவர் அவர். அதை எந்தத் தராசில் வைப்பது?

நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன், நகல் இத்துடன். இன்னும் தபாலில் போடவில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. பதினைந்து வருஷமாக 'டாக்டர் தம்பி' என்று கூப்பிட்டவரை 'எதிர்தரப்பினர்' என்று எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன்,
சங்கரன்