பம்பின் குதிரைத்திறனும் மின்கட்டணமும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஒரு யோசனையைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தண்ணீர்ப் பம்பை இருமடங்கு குதிரைத்திறன் உள்ளதாக மாற்றிக்கொண்டால் மேல்தொட்டி பாதி நேரத்தில் நிறைந்துவிடும், ஆகவே மின்கட்டணமும் பாதியாகிவிடும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. நேரம் குறையும் என்பது உண்மை. கட்டணம் குறையும் என்பது தவறு. யாங்கோனில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்கள் இதை நம்பிப் புதுப் பம்புக்குப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாதே என்ற கவலையால் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன்.

ஒரு பொருளை மேலே தூக்கும்போது அது பெறும் நிலையாற்றல், அதன் நிறையையும் தூக்கிய உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அந்தப் பெருக்கலில் நேரத்துக்கு இடமே இல்லை. அதே வேலையை எத்தனை நொடியில் முடித்தோம் என்று கேட்கும்போதுதான் திறன் என்பது வருகிறது. நம் ஊரில் பால்கனிதோறும் தெருவரை தொங்கும் கயிற்றை எல்லோரும் அறிவோம். கீழே கடைக்காரர் 5 கிலோ அரிசிப் பையைக் கயிற்று நுனியில் மாட்டிவிட்டு, மேலே மணி ஒலிக்கும்படி ஓர் இழுப்பு இழுக்கிறார். 15 மீட்டர் உயரத்திலுள்ள வீட்டுக்குப் பை போய்ச் சேருகிறது. அதற்குள் ஏறிய ஆற்றல் 735 ஜூல். பாட்டி கைமாற்றிக் கைமாற்றி ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு இழுத்தால் அவர் செலுத்திய திறன் 12 வாட்டுக்குச் சற்று மேல். பேரன் 10 நொடியில் இழுத்துப் போட்டால் 73.5 வாட், ஒரே நொடியில் ஏற்ற வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட் தேவை. எப்படி இழுத்தாலும் பைக்குச் சேர்ந்த 735 ஜூலில் மாற்றமில்லை.

இதே கணக்கைத் தொட்டிக்குப் போடலாம். 1000 லிட்டர் நீரை 20 மீட்டர் ஏற்ற 1,96,000 ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல் என்பதால், இது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். வீட்டுக்கான சிறு பம்புகளில், உள்ளே போகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நீரைத் தூக்கப் பயன்பட்டாலே நல்ல பம்பு என்று சொல்லலாம். ஆகவே மீட்டரில் 0.16 யூனிட் அளவுக்கு ஓடும். பம்பின் திறனை இரட்டித்தால் ஓடும் நேரம் பாதியாகும். இரட்டைத் திறனைப் பாதி நேரத்தால் பெருக்கினால் பழைய எண்தானே வரும்?

உண்மையில் பழைய எண்கூட வராது, அதைவிட அதிகமாகவே வரும். குறிப்பை எழுதியவர் எண்ணிப் பார்க்காத இடம் குழாய். பல கட்டடங்களில் தரைத்தளத்திலிருந்து ஒல்லியான குழாய்களே மேலே போகின்றன. அதே குழாயில் இருமடங்கு வேகத்தில் நீரைத் தள்ளினால் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். முன்பு 20 மீட்டர் உயரத்தோடு, மேலும் 3 மீட்டர் ஏற்றுவதற்குச் சமமான உராய்வைச் சமாளித்த பம்பு, இப்போது 12 மீட்டர் ஏற்றுவதற்குச் சமமான உராய்வோடு போராட வேண்டியிருக்கும். உயரம் அதேதான், நீரும் அதேதான், ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆகும் மின்சாரம் கூடிவிடுகிறது. பணம் செலவழிக்க முடிந்தவர்கள், பம்பை விட்டுவிட்டுக் குழாயை ஓர் அளவு பெரிதாக மாற்றினால் கட்டணம் சற்றாவது குறையும்.

பெரிய பம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் விட்டுவிட்டு வரும் நகரத்தில், வந்த நேரத்துக்குள் தொட்டியை நிரப்பியாக வேண்டிய வீட்டுக்குத் திறன் மிக முக்கியம். அதை நேரத்துக்குக் கொடுக்கும் விலையாகக் கருதித்தான் வாங்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. மின்சாரம் திரும்பியதும் வீட்டுக்கொரு பம்பு ஒரே நேரத்தில் கிளம்புகிறது. கிளம்பும் கணத்தில் ஒவ்வொரு மோட்டாரும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னழுத்தம் சரிகிறது. மோட்டாரின் சுழற்று விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், சுழல முடியாமல் உறுமிக்கொண்டே நின்று சுருள் கருகிப்போகிறது. எல்லோரும் பம்பைப் பெரிதாக்கினால் இது மேலும் மோசமாகும். கட்டடத்துக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் பம்பைப் போடுவது செலவில்லாத தீர்வு.

இந்த மின்சாரத்தில் ஒரு பகுதி நீர் இறங்குவதால் வருவதுதான் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். இன்லே ஏரியின் நீர் பலூச்சவுங் ஆறாகி, கயா மாநிலத்து லோபித்தாவில் 400 மீட்டருக்கும் மேல் இறங்கி, 168 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றுகிறது. இழப்பே இல்லையென்றால் அங்கே இறங்கும் ஒரு டன் நீர் இங்கே 20 டன் நீரை 20 மீட்டர் ஏற்றியிருக்கும். மின்கம்பியிலும் பம்பிலும் போகும் இழப்புகளைக் கழித்தால் ஐந்து டன் தேறலாம். இந்த இழப்பில் பெரும் பகுதி நம் பம்பிலும் குழாயிலும் நேர்வது என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆகவே, பம்பு வாங்கச் செல்பவர்கள் குதிரைத்திறனை மட்டும் கேட்காமல், நம் வீட்டு உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஏற்றும், அப்போது எத்தனை வாட் இழுக்கும் என்ற இரண்டையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்து, அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தாம்வே, யாங்கோன்.