இதழ்ச் சந்தா விற்பவர்களுக்கு: இரண்டு கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்

மின்னிதழ்களையும் மின்னூல்களையும் கல்லூரி நூலகங்களுக்குச் சந்தாவில் தரும் பதிப்பகங்கள், தளங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த ஜனவரியில் எங்கள் கல்லூரி நூலகக் குழுக் கூட்டத்தில் ஒரு இதழ்த் தொகுப்பின் சந்தாவை நிறுத்தினார்கள். அதற்குக் காரணமான எக்செல் தாளைத் தயாரித்து, அச்செடுத்து, மேசையில் வைத்தவள் நான்தான். அந்த உறுத்தல் போகாமல்தான் எழுதுகிறேன்.

தாளில் 2024 ஒரு பத்தி, 2025 பக்கத்துப் பத்தி. எங்கள் முதுகலை வேதியியல் மாணவர்கள் அதிகம் புரட்டும் தொகுப்பு அது, ஆனால் 2025-ல் கட்டுரைகளைத் திறந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக இறங்கியிருந்தது. கணக்கு அலுவலர் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, "பசங்க படிக்கிறதே இல்ல, எதுக்கு மேடம் இவ்வளவு பணம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எண் உங்கள் தளத்திலிருந்து வந்தது, மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான கவுண்டர் தரநிலைப்படி எடுத்தது, நான் எதை மறுப்பது? கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மனது கேட்காமல், இரண்டு வருட அறிக்கைகளையும் முழுதாக இறக்கி வரிவரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2024 அறிக்கை அந்தத் தரநிலையின் ஐந்தாம் வெளியீட்டின்படி. 2025 அறிக்கை அதற்கு அடுத்த 5.1 வெளியீட்டின்படி. 5.1 வெளியானது 2023 மே மாதம், எல்லோரும் அதற்கு மாற வேண்டிய தேதி 2025 ஜனவரி, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய முறையில், சந்தா இல்லாதவர்களும் படிக்கட்டும் என்று நீங்களாகத் திறந்துவிட்ட கட்டுரைகள்கூட 'கட்டுப்பாட்டுக்குள்', அதாவது சந்தா இருந்தால்தான் திறக்கும் என்ற கணக்கிலேயே விழும். புதிய முறையில் 'இலவசமாகப் படிக்கலாம்' என்று அவற்றுக்குத் தனி வகை வந்துவிட்டது. இதழ்ப் பயன்பாட்டைப் பார்க்க நாங்கள் எல்லோரும் எடுக்கும் டி.ஆர். ஜே1 என்ற அறிக்கை கட்டுப்பாட்டுக்குள் இருப்பதை மட்டும்தான் காட்டும். உங்கள் தொகுப்பில் பழைய இதழ்கள் நிறைய அப்படித் திறந்து கிடப்பதால் அத்தனையும் ஒரே ஜனவரியில் அந்தத் தாளைவிட்டு வெளியே போய்விட்டன. எல்லா வகைகளையும் கூட்டிப் பார்த்தேன். 2024-க்கும் 2025-க்கும் பெரிய வித்தியாசமே இல்லை. என் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் காசு கொடுத்துப் படித்தது குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை வைத்து விலையைப் பேசியிருப்போம். ஆனால் கூட்டத்தில் யாரும் அதைப் பேசவில்லை. "சரிந்துவிட்டது" என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். சரியவே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எண்ணும் முறையை மாற்றும்போது, மாறுவதற்கு முந்தைய ஒரு வருடக் கணக்கைப் புதிய முறையிலும் எடுத்து, பழையதோடு சேர்த்துக் கொடுங்கள். யார் எந்தக் கட்டுரையை எப்போது திறந்தார்கள் என்ற பதிவு உங்கள் சர்வரில்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை. நடப்பு ஆண்டோடு முந்தைய 24 மாத அறிக்கைகளும் கிடைக்க வேண்டும் என்பது தரநிலையிலேயே உள்ள விதி. அந்த மாதங்களில் பன்னிரண்டைப் புதிய முறையில் ஓட்டிக் கொடுக்கத்தான் கேட்கிறேன்.

தரநிலை மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் எத்தனை முத்திரை என்று எண்ணித்தான் எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று சொல்வோம். ஒரு முத்திரை என்றால் ஒருவர் எடுத்துப்போனார், அவ்வளவுதான். மின்வளத்தில் அது அவ்வளவு எளிதில்லை என்பதை 2019-ல் நான்காம் வெளியீட்டிலிருந்து ஐந்துக்குப் போனபோதே பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு மாணவி கட்டுரையைத் திறந்ததும் எச்.டி.எம்.எல். பக்கம் தானாக வந்து ஒன்று, பிறகு பி.டி.எஃப். இறக்கினால் இன்னொன்று, ஆக இரண்டு. சில தளங்களின் எண்ணிக்கை வீங்கியதே அப்படித்தான். ஐந்தாம் வெளியீடு 'யூனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒரே அமர்வில் எத்தனை வடிவில் திறந்தாலும் ஒரு கட்டுரைக்கு ஒன்றுதான் என்றது. நல்ல மாற்றம், அன்றைக்கே வரவேற்றேன். மின்னூலிலும் அப்படித்தான். ஒரு நூலின் பத்து இயல்களை ஒருவர் ஒரே அமர்வில் படித்தால், இயல் இயலாகப் பிரித்துத் தரும் தளத்தில் மொத்தக் கணக்கு பத்து, முழு நூலையும் ஒரே கோப்பாகத் தரும் தளத்தில் ஒன்று. 'யூனிக் டைட்டில் ரிக்வெஸ்ட்' வந்த பிறகு இரண்டிலும் ஒன்று என்று ஆனது, அதனால்தான் இரண்டு தளங்களை ஒப்பிடவே முடிந்தது. ஆகவே மாறுங்கள், இன்னும் மாறுங்கள். மாறும்போது நடுவில் ஒரு பாலம் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசையில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வெளியீட்டு அறிக்கையின் மேலே பன்னிரண்டு வரித் தலைப்பு இருக்கும், பிறகு ஒரு வெற்று வரி, பதினான்காவது வரியில் பத்தித் தலைப்புகள். எல்லாத் தளத்து அறிக்கைகளையும் ஒரே தாளில் கூட்டும் சூத்திரத்தை நானே யூடியூப் பார்த்து எழுதி வைத்திருந்தேன், பதினான்காவது வரி என்று அடித்து. 5.1-ல் தலைப்பில் ஒரே ஒரு வரி கூடியிருக்கிறது, பதிவேட்டு இணைப்புக்கான வரி. அவ்வளவுதான், எல்லாம் ஒரு வரி கீழே தள்ளிப் போய்விட்டது. சில தளங்களுக்குப் பிழை என்று காட்டியது, சிலவற்றுக்கு வெறும் சுழியம் வந்தது. சுழியம் வந்தவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்று மென்பொருளும் ஆளும் இருக்கலாம். எங்கள் நூலகத்தில் நான், ஒரு உதவியாளர், இரண்டே பேர். மாலை ஐந்து மணிக்கு வழங்கல் மேசையை மூடிய பிறகுதான் இந்த வேலைக்கே உட்கார முடியும்.

அறிக்கைகளைக் கணினியே தானாக இறக்கித் தரும் சுஷி முறை வழியாக எடுக்க வேண்டியதுதானே என்று உங்கள் உதவி மையத்தில் சொல்வார்கள். முயன்று பார்த்தேன். ஒரு தளத்தின் நிர்வாகக் கணக்கு எனக்கு முன்னால் இருந்து ஓய்வுபெற்ற நூலகரின் பழைய மின்னஞ்சலில் இருக்கிறது, ஓ.டி.பி. அங்கேதான் போகிறது. அதை மாற்றித் தரச் சொல்லி நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே பதில், "உங்கள் கோரிக்கை பதிவுசெய்யப்பட்டது." இன்னொரு தளத்தில், சுஷிக்கு வேண்டிய அடையாள எண்களில் கஸ்டமர் ஐடி இருக்கிறது, ரிக்வெஸ்டர் ஐடி எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஆனால் புதுப்பிக்கும் காலம் வந்தால் மட்டும் உங்கள் விற்பனைப் பிரதிநிதி தவறாமல் வருகிறார், வண்ணப் படங்களோடு. அந்தப் படத்தில் எந்தக் கணக்கைப் போடுகிறார் தெரியுமா? 'டோட்டல் ஐட்டம் இன்வெஸ்டிகேஷன்.' கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அதில் சேரும், அதனால் எப்போதும் பெரிய எண்ணாகவே இருக்கும். விற்க வரும்போது அந்த எண்ணைத் தேடி எடுத்து, படமாக வரைந்து கொண்டுவர முடிகிறது. 2025-ல் கணக்கு ஏன் இறங்கும் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப மட்டும் முடியவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு நிறுவனங்களின் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது, மனதார மகிழ்ச்சி. அந்த முதல் கட்டத்தில் எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. இங்கே படிப்பவர்கள் வசதியானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டுகிறவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். அந்தக் கட்டணத்திலிருந்துதான் உங்கள் சந்தா போகிறது. வருடத்துக்கு ஒரு தொகுப்பு வாங்குவதா, விடுவதா என்று நாங்கள் முடிவெடுப்பது நீங்கள் தரும் ஒரு எண்ணை வைத்து. செலவை அந்த எண்ணால் வகுத்து, ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்போம். வகுக்கும் எண் பாதியானால் விலை இரட்டிப்பாகத் தெரியும். எந்த நிர்வாகமும் அதைப் பார்த்துத் தலையாட்டாது.

பிப்ரவரியில் ஒரு முதுகலை மாணவி மேசைக்கு வந்தாள். ஆய்வேட்டுக்குப் பாதி படித்துவைத்த ஒரு கட்டுரையின் தலைப்பைக் கைபேசியில் காட்டி, "போன மாசம் வரைக்கும் திறந்துச்சே மேடம், இப்ப காசு கேக்குது" என்றாள். மேற்கோள் காட்ட அதன் மூன்றாவது அட்டவணை அவளுக்கு வேண்டும். வேறு கல்லூரி நூலகருக்குப் போன் போட்டு, அவர் பார்த்து அனுப்பி, நான்கு நாள் கழித்து அவளுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது சந்தா ஏன் நின்றது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். 2024-ஆம் ஆண்டுக் கணக்கை 5.1 முறையில் எடுத்து, பழைய கணக்கின் பக்கத்திலேயே வைத்து, எல்லா நூலகங்களுக்கும் அனுப்புங்கள். எண் ஏன் மாறியது என்று, நூலகரல்லாத ஒரு கணக்கு அலுவலருக்கும் புரிகிற மாதிரி, அரைப் பக்கம் போதும், கூடவே வையுங்கள். அடுத்த வெளியீடு வரும்போது இதை நாங்கள் கேட்காமலே செய்யுங்கள். எழுதிய வேகத்தில் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகக் குழு மறுபடி கூடுவது ஜூன் மாதம். அதற்கு முன்னால் அந்த இரண்டு பத்தித் தாள் கைக்கு வந்தால், நிறுத்திய சந்தாவைப் பற்றி நானே எழுந்து பேசுகிறேன். தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு சுயநிதிக் கல்லூரி நூலகர்